சொல்ல அனுமதியில்லை

ஜகதீசன் என்ன வேலை பார்த்து ஓய்வு பெற்றார் என்பது அவர் மனைவி கல்பகத்துக்கே தெரியாது. மனிதர் உளவாளி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஹைதராபாத்தில் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் டெக்னிகல் அசிஸ்டெண்டாகச் சேர்ந்து, மெதுவாக இரண்டு படி ஏறி, சால்வையும் கைக்கடிகாரமும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே நடப்பதை வெளியே பேசக் கூடாது என்று அதில் இருந்தது. எல்லோரும்தான் கையெழுத்துப் போட்டார்கள். இவர் ஒருவர்தான் அதைக் கல்யாண மந்திரம் மாதிரி எடுத்துக்கொண்டார்.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் அந்த நாளில் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. காலையில் லேப் பஸ்கள் வரிசையாக வரும். வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர், "உங்காத்துக்காரர் எந்த பஸ்?" என்று கேட்டுக்கொள்வார்களே தவிர, என்ன வேலை என்று கேட்க மாட்டார்கள். கல்பகம் மட்டும் கல்யாணமான புதிதில் ஒரு முறை கேட்டுப் பார்த்தாள். "அதெல்லாம் சொல்லப்படாது" என்று பதில் வந்தது. கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வானேன் என்று அதோடு விட்டுவிட்டாள்.

மகள் மாதங்கி அப்படி விடுகிறவள் இல்லை. மாலையில் அப்பா வந்ததும் மடியில் ஏறி அவர் கைகளை விரித்துப் பார்ப்பாள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் ரேகைகளிலும் நகக்கண்களிலும் வெள்ளையாக ஏதோ பவுடர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் வழித்துத் தன் பொம்மையின் கன்னத்தில் தடவுவாள். "எங்கப்பா ஆபீஸ்ல பவுடர் பூசிண்டு உக்காந்திருப்பா" என்று காலனி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். காலனி சிரித்தது, ஜகதீசனும் சிரித்தார். அது என்ன பவுடர் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அந்த மாதங்கிதான் இப்போது அமெரிக்காவில், டெட்ராய்ட் பக்கத்து ஊர் ஒன்றில், படுக்கையில் கிடந்தாள். கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே கைமீறிப் போயிருந்தது. மாப்பிள்ளை ஸ்ரீனிவாஸ் போனில் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தான், முடியாமல் அழுதுவிட்டான். கடைசியில் மாதங்கியே போனை வாங்கினாள்.

"அப்பா, நீயும் வா. எனக்குக் குழந்தை பொறந்தப்போ அம்மாவை மட்டும் அனுப்பிட்டு நீ அங்கேயே இருந்துட்டே. இந்தத் தடவை அது நக்கோ."

குகட்பள்ளித் தெருவில் தெலுங்கும் தக்கனி இந்தியும் பேசும் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். வேண்டாம் என்பதற்கு அவள் வாயில் இன்னமும் நக்கோதான் வரும்.

"வரேன்டி மாது" என்றார் ஜகதீசன். குழந்தை பிறந்தபோது வேலையில் இருந்தார். வெளிநாடு போக மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் கொடுத்திருக்கவும் கூடும். கேட்பதே தப்பு என்று இருந்துவிட்டார். தனக்கென்று ஒரு பாஸ்போர்ட்டை அவர் கண்ணால் பார்த்ததே ஓய்வு பெற்ற பிறகுதான்.

கீழ்வீட்டு ஜம்புநாதன் உடனே களத்தில் இறங்கினார். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில். போய்வந்த தடவைகளைச் சொல்லிச் சொல்லியே காலனியில் விசா, கஸ்டம்ஸ், டாலர் மூன்றுக்கும் அவர்தான் அதாரிட்டி என்று ஆகியிருந்தது. யார் வீட்டில் சூட்கேஸ் திறந்தாலும் வாசம் பிடித்து வந்துவிடுவார்.

"ஆமா சார், எமர்ஜென்ஸின்னு கேட்டா சீக்கிரம் தேதி குடுப்பாங்க. டாக்டர் லெட்டர் இருக்குல்ல? போதும். அம்மா, போட்டுக்கிட்டுப் போற நகைக்கு ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக்குங்க. இல்லேன்னா திரும்பி வரும்போது, எங்கே வாங்கினீங்க, டூட்டி கட்டுங்கம்பான். மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேணும். விதை, பழம், பச்சை இலை நக்கோ. எது எடுத்துட்டுப் போனாலும் கேட்டா இருக்குன்னு சொல்லிடணும். மறைச்சாத்தான் வம்பு. சொல்லிட்டா ஒண்ணும் பண்ண மாட்டான்."

"வேப்பம்பூ கொண்டு போகலாமா?" என்று கேட்டாள் கல்பகம். மருந்தில் மாதங்கிக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. எதுவும் பிடிக்கவில்லை, வேப்பம்பூ ரசம் மட்டும் வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

"காய்ஞ்சதுதானே? எடுத்துட்டுப் போய் சொல்லிடுங்க. பிடுங்கினா பிடுங்கிட்டுப் போறான்."

ஜகதீசனிடம் திரும்பி, "சார், நீங்க இன்டர்வியூல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கூடப் பேசாதீங்க" என்றார். அந்த ஒரு மனிதருக்கு அந்தப் புத்திமதி தேவையே இல்லை. பாவம், ஜம்புநாதனுக்கு அது தெரியாது.

அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல மாதிரிதான். கல்பகத்தின் முகத்தைப் பார்த்ததுமே குரலைத் தணித்துக்கொண்டாள். டாக்டரின் கடிதத்தைப் படித்துவிட்டு, "உங்கள் மகளுக்காக வருந்துகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எத்தனை நாள் இருப்பீர்கள், வீடு யாருடையது என்று கேட்டாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"சார், நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?"

"மத்திய அரசாங்கம். ரிடையர்ட்."

"எந்தத் துறை?"

"டிஃபென்ஸ்."

"அங்கே உங்கள் வேலை என்ன?"

ஜகதீசன் நிமிர்ந்து நின்றார். எத்தனையோ கல்யாணங்களில், ரயில் பயணங்களில், சம்பந்தி வீட்டில் சொன்ன அதே பதில், அதே புன்சிரிப்போடு தானாக வந்தது.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை, மேடம்."

அந்தப் பெண் டைப் அடிப்பதை நிறுத்தினாள். "விவரம் வேண்டாம், சார். பொதுவாகச் சொன்னால் போதும்."

கல்பகம் முழங்கையால் இடித்தாள். அவருக்கு அது உறைக்கவே இல்லை. உள்ளுக்குள் ஒரு பெருமைகூட எட்டிப் பார்த்தது என்றால் யார் நம்புவார்கள்? வெளிநாட்டுக்காரி கேட்கிறாள், தான் அசையவில்லை. "மன்னிக்கணும் மேடம். பொதுவாகக்கூடச் சொல்ல முடியாது."

அவள் எழுந்து உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். விசா ஒட்டித் தருவதற்குக் கல்பகத்தின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டாள். ஜகதீசனுடையதை ஒரு தாளோடு சேர்த்து வெளியே தள்ளினாள். மேற்கொண்டு விசாரணை தேவைப்படுகிறது, எவ்வளவு காலம் ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, கல்பகத்தைப் பார்த்தாள்.

 வீடு திரும்பி, மாடி ஏறிப் பூட்டைத் திறந்தபின்தான் கல்பகம் கேட்டாள்.

"அப்படி என்னதான் பண்ணேள் அங்கே? அணுகுண்டா?"

"அதில்லை கல்பகம்..."

"பொண்ணு சாகக் கிடக்கறா. நீங்க ரகசியம் காப்பாத்திண்டு நிக்கறேள்."

அவர் தூதரகத்தில் கொடுத்த தாளை மறுபடி பிரித்துப் படித்தார். 

மறுநாள் தன் பழைய அதிகாரி வரதராஜனுக்குப் போன் செய்தார். அவர் வருஷா வருஷம் பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போய் வருகிறவர். 

"என்னய்யா ஜகதீசா, மெட்டீரியல் டெஸ்டிங்னு சொல்லிட்டு வரவேண்டியதுதானே? நாங்க எல்லாரும் அதைத்தான்யா சொல்றோம். இன்டர்நெட்லேயே போட்டு வெச்சிருக்கானுங்க பாதிப் பேர். நீ பார்த்த வேலைல என்னய்யா ரகசியம்?"

நீ பார்த்த வேலையில் என்ன ரகசியம். ஜகதீசன் போனை வைத்துவிட்டு வெகுநேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் எப்போதோ அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன சட்டையை, தான் ஒருவன் மட்டும் கழுத்துவரை பித்தான் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் திரிந்திருக்கிறோம் என்று தோன்றியது. கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. அன்றைக்கே தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மெட்டீரியல் டெஸ்டிங் என்று எழுதினார். மகளின் நிலைமையை எழுதினார். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி பதில் வந்தது. அதற்குப் பிறகு எழுதியவற்றுக்கும் அதே வரிதான் வந்தது.

கல்பகம் தனியாகப் புறப்பட வேண்டியதாயிற்று. டாலர் வாங்க இருவருமாக பேகம்பேட்டுக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண் இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டிவிட்டு, "சாருக்கு விசா லேது கதா?" என்றாள். இல்லையே என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஒஸ்துந்தி" என்றார் ஜகதீசன், வரும் என்று. வந்தபின் வாருங்கள், அப்போது உங்களுக்கும் டாலர் கார்டு போட்டுத் தருகிறேன் என்று அவருடைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டார்.

ஷம்ஷாபாத் ஏர்போர்ட் வாசலில் கல்பகத்தின் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஃப்ரிட்ஜில் மாவு இருக்கிறது, கேஸ் சிலிண்டர் மாற்றியாயிற்று என்றெல்லாம் சொல்லிவிட்டு, "சீக்கிரம் வந்துடுங்கோ" என்றாள். அவர் கையில் இருப்பது போலச் சொன்னாள். உள்ளே போனவள் திரும்பிப் பார்த்தாள். ஜகதீசன் கை ஆட்டினார். டாக்ஸியில் திரும்பும்போது டிரைவரிடம் கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

கல்பகம் போய்ச் சேர்ந்ததும் முதலில் வேப்பம்பூ கதையைத்தான் சொன்னாள். "என்ன கொண்டு வந்திருக்கேள்னு கஸ்டம்ஸ்காரன் கேட்டான். இருக்குன்னு சொல்லிட்டேன். திறக்கச் சொன்னான். சிக் டாட்டர், சூப்புன்னேன். மோந்து பார்த்தான், மூஞ்சியைச் சுளிச்சான், போன்னுட்டான்." மாதங்கி அன்றைக்கு இரண்டு கரண்டி ரசம் சாப்பிட்டாள். ஜகதீசனுக்குச் சந்தோஷமாக இருந்தது. போனை வைத்த பிறகு, சொன்னவளை விட்டுவிட்டான், சொல்லாதவன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டார்.

பிறகு தினமும் சாயங்காலம் வீடியோ கால். அங்கே அப்போது காலை நேரம். மாதங்கியின் முகம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது. தலையில் ஒரு நீலத் துணி கட்டியிருந்தாள். கண்கள் மட்டும் பழைய கண்கள். ஒருநாள் கல்பகம் அடுப்பங்கரைக்குப் போயிருந்தபோது சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, எனக்கு மட்டும் சொல்லு. நிஜமா என்ன வேலை பார்த்தே?"

"இப்போ எதுக்கும்மா அதெல்லாம்?"

"நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்?"

 அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் கையில் போன். போனில் யார் யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று லேபில் வருஷத்துக்கு ஒருமுறை வகுப்பு எடுப்பார்கள். "நேர்ல வந்து சொல்றேன்டி மாது. விசா வந்துடும். வந்து, உன் பக்கத்துல உக்காந்து, ஒண்ணு விடாம சொல்றேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். அடுத்து வந்த நாட்களில் பேச முடியாதபோதும், "விசா?" என்று உதட்டை மட்டும் அசைப்பாள். "வந்துண்டே இருக்கு" என்பார். காலையில் கண் விழித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வார். பரிசீலனையில் இருக்கிறது. குளித்துவிட்டு வந்து மறுபடி பார்ப்பார். ஜம்புநாதன் மாடி ஏறி வந்து எட்டிப் பார்ப்பார். "வந்துச்சா சார்?" இல்லை என்று தலையாட்டுவார். தன் மனைவி கொடுத்தனுப்பிய டிபனை மேஜைமேல் வைத்துவிட்டு ஜம்புநாதன் ஓசையில்லாமல் இறங்கிப் போவார். விதிமுறையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்த மனிதருக்கும் இதற்கு ஒரு வழி தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அவர் அழைப்பதற்கு முன்பே போன் வந்தது. ஸ்ரீனிவாஸ்தான் பேசினான்.

"அப்பா, டாக்டர் வந்துட்டுப் போனார். இன்னிக்கு ஒருநாள் தாங்கினாலே பெரிசுன்னுட்டார். கண்ணு திறக்கலை. காது கேட்கும், பேசுங்கோன்னு நர்ஸ் சொல்றா. அம்மா போனை அவ காதுல வெச்சுண்டிருக்கா. பேசுங்கோ." அவன் குரல் உடைந்து நகர்ந்து போயிற்று. படம் ஏதும் இல்லை, குரல் மட்டும். அந்தப் பக்கத்தில் கனமாக இழுத்து இழுத்து விடும் ஒரு மூச்சு கேட்டது.

ஜகதீசன் எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்தினார். வெளியே மழையும் எதிர்வீட்டு மாடிப் புறாக்களும்தான். ஆனாலும் சாத்தினார், வாசல் கதவையும் தாழிட்டார். கைப்பழக்கம் அப்படி. திரும்ப வந்து உட்கார்ந்து போனை வாயருகே வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

"மாது, அப்பா பேசறேன். நேர்ல வந்து சொல்றேன்னேன். வர முடியலைடி. இப்போ சொல்றேன், கேட்டுக்கோ. ரப்பர் வளையம் தெரியுமோ? நம்மாத்துக் குக்கர்ல போடறோமே, அந்த மாதிரி. சின்னதும் பெரிசுமா நூத்துக்கணக்கில வரும். எண்ணெய் கசியாம, காத்துப் போகாம அடைக்கறதுக்கு. அதுல விரிசல் இருக்கான்னு பார்க்கறதுதான்டி அப்பா வேலை. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை. லென்ஸை வெச்சுண்டு ஒவ்வொண்ணா வளைச்சு வளைச்சுப் பார்ப்பேன். முப்பத்தஞ்சு வருஷமும் அதுதான்."

மூச்சு கேட்டது. 

"நீ கேப்பியே, கையில வெள்ளையா என்னன்னு. ரப்பர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம இருக்கப் பவுடர் தூவி வெச்சிருப்பா. மாக்கல் பொடி. ஃப்ரெஞ்ச் சாக்குன்னு சொல்லுவோம். மூஞ்சிப் பவுடர் இல்லை. நீ அதை வழிச்சு உன் பொம்மைக்குப் பூசுவே. எனக்கு அப்போ சொல்லணும்னு அவ்வளவு ஆசையா இருக்கும். ஒருநாள் ஒரு பழைய வளையம், தூக்கிப் போடற வளையம், அதை உனக்கு வளையலா போட்டுவிடலாம்னு எடுத்து வெச்சேன். லேப் கேட்ல சோதனை போடுவாளேன்னு பயந்துண்டு திருப்பி வெச்சுட்டேன். உன் கைக்குச் சரியா இருந்திருக்கும்."

அழுகை வந்தது, நிறுத்தவில்லை. அழுதுகொண்டே சொன்னார். முதல் நாள் பயந்துகொண்டு போனது, உடன் வேலை பார்த்த கிருஷ்ணபிரசாத் லென்ஸை உடைத்தது, ஒரு மூட்டை முழுவதும் கெட்டுப்போயிருப்பதைத் தான் ஒருவராகவே கண்டுபிடித்து, அதைப் பாராட்டி மேலதிகாரி கொடுத்த டீயை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தது. கல்பகத்திடம் அன்றைக்கு லட்டு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்து, சும்மாத்தான் என்று சொன்னது. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, அவர் விளக்குப் போடவில்லை.

ஓரிடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. அந்தக் கனத்த மூச்சைக் காணோம்.

"மாது?"

"நான்தான் இருக்கேன்" என்றாள் கல்பகம்.

"தூங்கிட்டாளா?"

"மாது போயிட்டா. நீங்க பவுடர் சமாசாரம் சொல்லிண்டிருக்கறச்சே. கேட்டுண்டேதான் போனா. அவ விரல் என் கையில இருந்தது."

 "அப்பவே ஏன் சொல்லலை நீ?" என்றார் ஜகதீசன்.

"அவ காதுலேர்ந்து போனை எடுக்க மனசு வரலை." கல்பகம் மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் நானே என் காதுல வெச்சுண்டுட்டேன். ஸ்ரீனிவாஸ் நர்ஸைக் கூப்பிடப் போயிருக்கான். அவா வர வரைக்கும் சொல்லுங்கோ. அந்த லட்டு வாங்கிண்டு வந்தேளே, அன்னிக்கு அந்த மூட்டைல என்ன கெட்டுப்போயிருந்தது?"

இருட்டில் ஜகதீசன் தன் வலது கையை விரித்து வைத்துக்கொண்டார். நகக்கண்ணில் இப்போது ஒன்றும் இல்லை.

"விரிசல், கல்பகம். மேலாகப் பார்த்தா தெரியாது, வளைச்சாத்தான் தெரியும்" என்று சொல்ல ஆரம்பித்தார்.